மட்ரிட்டைக் காணாத கார்கள்

1903ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு தேசத்து வேர்சாய் நகரிலே பொழுது இன்னும் புலரவில்லை. அதிகாலை 3.45 மணிக்கு முதலாவது பந்தயக் கார் உறுமிக்கொண்டு புறப்பட்டது. அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாக 200க்கு மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. பாரிசிலிருந்து ஸ்பெயின் தேசத் தலைநகராகிய மட்ரிட்டுக்குச் செல்லும் போட்டி அது. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் பந்தயம் ஓடி மட்ரிட்டை அடையவில்லை.

அக்காலத்துப் பந்தயக் கார் எத்தகையது என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும். பெரிய கார் 1000 கிலோகிராமுக்கும், சிறிய கார் 650 கிலோகிராமுக்கும் மேற்படலாகாது என்பது விதி. ஆண்டுக்காண்டு பெருத்து வந்த அசுர வண்டிகளை அடக்குவதற்காகவே 1902இல் 1000 கிலோகிராம் எல்லையை வகுத்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் எஞ்சினின் பருமனுக்கு எவ்வித எல்லையும் வகுத்தாரில்லை. கார் செய்வோர் என்ன செய்தனர்? எஞ்சினை 11, 12 லீற்றராகப் பெருக்கிக்கொண்டு, ஏனைய உறுப்புகளிலெல்லாம் பாரத்தைக் குறைத்தனர். உருக்குப் பாகங்களில் துளையிட்டனர். அடிச்சட்டத்தைச் சிலர் மரத்தால் அமைத்தனர். வேகத்தைக் கட்டுப்படுத்த வந்த விதி, வண்டியின் வலுவையே அரித்துவிட்டது!

சாரதிக்கு எஞ்சியது உயரத்தில் ஓர் ஆசனமே. கதவில்லை, கூரையில்லை, முன்கண்ணாடியில்லை, இடுப்புப் பட்டியில்லை. தலையிலே துணித் தொப்பி. கண்ணுக்குப் புழுதிக் கண்ணாடி. முன் சக்கரங்களுக்குப் பிறேக் கிடையாது. அருகிலே எண்ணெய் பம்புவதற்கும், பின்னே வரும் காரைப் பார்த்துச் சொல்வதற்கும், வெடித்த ரயரை மாற்றுவதற்கும் ஒரு மெக்கானிக் அமர்ந்திருப்பார். வெற்றி பெற்றால் சாரதியின் பெயரே பேசப்படும். விபத்து நேர்ந்தாலோ, இருவருக்கும் ஒரே கதிதான்.

பாதையோ தார் காணாதது. மழையின்றிக் காய்ந்து கிடந்தமையால் ஒவ்வொரு காரும் தன் பின்னே புழுதிச் சுவரை எழுப்பிச் சென்றது. பின்வந்த சாரதிகள் பாதையோர மரங்களின் உச்சியைப் பார்த்தே வழியை ஊகித்தனராம். தடுப்பு வேலி இல்லாத இடங்களில் சனங்கள் நடுத்தெருவிலேயே நின்று, கார் அண்மிய பின்னரே விலகினர். மணிக்கு 60, 70 மைல் வேகம் எத்தகையது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? குதிரை வண்டியின் வேகமே அவர்கள் கண்ட வேகம்.

மார்செல் றெனோ முந்திய ஆண்டு பாரிஸ் – வியன்னா போட்டியிலே, சிறிய காரைக்கொண்டு பெரிய கார்களை வென்றவர். கூவே-வெறாக் என்னும் ஊருக்கருகில், முன்சென்ற காரின் புழுதிக்குள் அவருடைய வண்டி பாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. இரண்டு நாட்களின் பின் அவர் உயிர் நீத்தார். வேறோர் இடத்தில், பாதையில் வந்த குழந்தையைத் தவிர்க்க முயன்ற கார் கூட்டத்தினுள் புகுந்தது. கமீல் டியு காஸ்ட் என்னும் பெண் சாரதியோ, விபத்தில் வீழ்ந்து கிடந்த சக சாரதிக்கு உதவுவதற்காகப் பந்தயத்தை மறந்து காரை நிறுத்தினார். அன்றைய வீரச் செயல்களுள் நம் மனத்தில் நிற்பது இதுவே.

மார்செலின் தம்பி லூயி றெனோதான் போர்தோ நகரை முதலில் அடைந்தவர். அங்கேதான் தமையனுக்கு நேர்ந்ததை அறிந்தார். அதன்பின் அவர் பந்தயச் சாரதியாக அமரவேயில்லை. பின்னே புறப்பட்டு, மிகப் பலரைப் புழுதிக்குள் கடந்துவந்த கபிறியேல் என்பவர் 342 மைலை 5 மணி 14 நிமிடத்தில் ஓடி, குறைந்த நேரத்துக்குரிய வெற்றியைப் பெற்றார்.

போட்டி போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது. எஞ்சினை முடுக்குவதற்கும் அரசாங்கம் அனுமதிக்கவில்லை. உலகின் அதிவேகக் கார்களைக் குதிரைகள் பூட்டிப் புகையிரத நிலையத்துக்கு இழுத்துச் சென்றனர்.

ஊர்விட்டு ஊர் செல்லும் பெரும் பந்தயங்களின் காலம் இவ்வாறு முடிவுற்றது. 1906இல் லெ மான் நகருக்கருகே, பொதுப் போக்குவரத்தை மூடிய சுற்றுப் பாதையில், முதலாவது பிரெஞ்சு கிறான்ட் பிறீ நடந்தது. வென்றது றெனோ கார். பார்வையாளருக்கு வேலி வந்தது. சாரதிக்கு ஒன்றும் வரவில்லை. 1000 கிலோகிராம் எல்லையும் அப்படியே இருந்தது. கட்டுண்டு எரிவதைவிடத் தூக்கியெறியப்படுவதே மேல் என்று சாரதிகளே நெடுங்காலம் நம்பினர். கிறான்ட் பிறீ ஓட்டத்தில் தலைக்கவசம் கட்டாயமானது 1952இல். ஆசனப் பட்டி கட்டாயமானது 1972இல்.