எஃகின் நிறமும் ஏமாந்த கண்ணும்

பட்டறையில் நான் முதன்முதலாகச் செய்த உளி, இரண்டாம் அடியிலேயே முனை உடைந்தது. தெறித்த சில்லு என் நண்பரின் கன்னத்தைக் கீறிச் சென்றது. சற்று மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பிழை சுத்தியலுடையதன்று, நிறத்தைப் பார்த்து நான் போட்ட கணக்கினுடையது.

செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்திய எஃகு மிகக் கடினமாயிருக்கும்; ஆனால் எளிதில் நொறுங்கும். அதை மீண்டும் சற்றே சூடாக்கி அக்கடுமையைத் தணிப்பதே பதப்படுத்துதல். அப்போது துலக்கிய பரப்பில் ஏறத்தாழ 230 பாகை சென்டிகிரேடில் வைக்கோல் நிறமும், 255இல் பழுப்பும், 280இல் ஊதாவும், 300இல் நீலமும் தோன்றும். உளிக்கு ஊதா ஏற்றது என்பது பட்டறை வழக்கு.

இந்நிறம் சாயமன்று. இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்திலிருந்து திரும்பும் ஒளியும் கலக்கின்றன. ஓர் அலையின் முகடு மற்றதன் பள்ளத்தோடு சேர்ந்தால் அவ்வொளி மங்கும். சோப்புக் குமிழியின் வண்ணங்களும் இவ்வாறு பிறப்பவையே.

தடிப்பைத் தோராயமாக அறிவது எளிது. மங்கும் ஒளியின் அலைநீளத்தை, படலத்தின் ஒளிவிலகல் எண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். அவ்வெண் 2.5 எனக் கொள்வோம். 450 நானோமீட்டர் நீல ஒளி மங்கினால் எஞ்சுவது வைக்கோல் நிறம். தடிப்பு 45 நானோமீட்டர். படலம் வளர்ந்து 560 அளவிலுள்ள பச்சை மங்கினால் ஊதா, தடிப்பு 56. சிவப்பு 650 மங்கினால் நீலம், தடிப்பு 65. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு!

அப்படியானால் நான் தவறியது எங்கே? நிறம் காட்டுவது தடிப்பை, வெப்பநிலையை அன்று. 230 பாகை உலையில் உளியை ஒரு மணி நேரம் மறந்துவிட்டேன். சூடு ஏறவில்லை, படலம் மட்டும் வளர்ந்து ஊதாவாயிற்று. அதை 280 என்று நம்பிவிட்டேன். பட்டறைக் கணக்கோ சில நிமிடச் சூட்டுக்கே பொருந்தும்.

கலப்புலோகம் மாறினாலும் கணக்கு மாறும். எவர்சில்வரிலுள்ள குரோமியம் ஆக்சிஜனின் வழியை அடைப்பதால் படலம் மெல்லவே வளரும். சாதாரண எஃகு நீலமாகும் சூட்டில், அது வைக்கோல் நிறத்தைத்தான் காட்டத் தொடங்கும்.

ஆகவே, நிறத்தைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள். எந்த உலோகம், எத்தனை நேரம் என்று கேளுங்கள். காப்புக் கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். உடைந்த உளி என் மேசைமேல் இருக்கிறது. அதன் ஊதா இன்னும் மாறவில்லை.