உங்களுக்குத் தெரியுமா? விபத்து வழக்கும் சாட்சிக் கூண்டும்

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...’ தமிழ்நாட்டில் விபத்து எஃப்.ஐ.ஆர் எதைப் புரட்டினாலும் இந்த வரி கண்ணில் படும். ஆனால், கோர்ட்டில் இதை மட்டும் வைத்துக்கொண்டு தண்டனை வாங்க முடியாது. 1982-ல் கர்நாடகாவில் ஆட்களை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். 18 பேருக்குக் காயம். டிரைவரை ஹைகோர்ட் விடுவிக்க, 1998-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ‘வேகமாக வந்தது’ என்று சாட்சிகள் சொன்னார்களே தவிர, எவ்வளவு வேகம், அந்த ரோட்டுக்கு அது அதிகமா என்பதை ஒருவரும் விளக்கவில்லை. லாரியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரை, அதாவது நம் ஊர் ‘பிரேக் இன்ஸ்பெக்டரை’, அரசுத் தரப்பு கூண்டில் ஏற்றவே இல்லை. அவருடைய அறிக்கையும் கோர்ட் கட்டில் இல்லை! 15 உயிர் போன வழக்கை நடத்திய லட்சணம் இது.

✦

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் 5 ஆண்டு. விபத்து நடந்ததும் போலீஸுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு என்ற 106(2)-ஐ எதிர்த்து லாரி டிரைவர்கள் அந்த ஆண்டு ஜனவரியில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதனால், மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்த அன்று அது மட்டும் வரவில்லை.

✦

சுமார் நான்கு வயதுக் குழந்தை திடீரென ரோட்டின் குறுக்கே ஓடியது. பஸ்ஸை ஒடித்துத் திருப்பியும் டிரைவரால் காப்பாற்ற முடியவில்லை. ‘நடந்ததே சாட்சி, வேறென்ன வேண்டும்?’ என்ற ரீதியில் தண்டித்தன கீழ் நீதிமன்றங்கள். இழப்பீட்டு வழக்குக்கு வேண்டுமானால் அந்த வாதம் உதவும், குற்றவியல் வழக்கில் டிரைவரின் தவறை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று 1979-ல் அவரை விடுவித்தது சுப்ரீம் கோர்ட்.

✦

செத்துப்போன சாட்சியின் வாக்குமூலம் செல்லுமா? நடிகர் சல்மான் கான் வழக்கில் இந்தக் கேள்விதான் பெரிதாக நின்றது. 2002 செப்டம்பர் 28 அதிகாலை, மும்பை பாந்த்ராவில் பிளாட்பாரத்தில் தூங்கியவர்கள் மீது அவருடைய கார் ஏறியதில் ஒருவர் இறந்தார், நால்வருக்குக் காயம். காரில் இருந்த பாதுகாப்புக் காவலர்தான் முக்கிய சாட்சி. சல்மான் குடித்திருந்ததாக முதல் புகாரில் அவர் சொல்லவில்லை. பிறகு மாஜிஸ்ட்ரேட்டிடம் தந்த வாக்குமூலத்தில் சேர்த்துச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் 304-ஏ வழக்காக நடந்தபோது சாட்சியம் அளித்த அவர், 2007-ல் காலமானார். அதன்பின் குற்றச்சாட்டு 304 இரண்டாம் பகுதியாக, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் கடுமையாகி, செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. 2015 மே மாதம் 5 ஆண்டு தண்டனை. டிசம்பரில் மும்பை ஹைகோர்ட்டில் விடுதலை! பழைய சாட்சியத்தைப் புதிய குற்றச்சாட்டுக்குப் பயன்படுத்த முடியாது, அவரை முழுமையாக நம்பவும் முடியாது என்றது ஹைகோர்ட். காரை ஓட்டியது நான்தான் என்று குடும்ப டிரைவர் கூண்டேறிச் சொன்னதும் அதே 2015-ல்தான். ஏறக்குறைய 13 வருஷம் கழித்து!

✦

சாட்சிக்குப் பொய் சொல்லும் எண்ணமே இல்லாவிட்டாலும், கேட்கிற தினுசில் பதில் மாறும். 1974-ல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்?’ என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த சராசரி பதில், மணிக்கு 40.8 மைல். ‘தொட்டபோது’ என்று கேட்டால் 31.8 மைல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்றதற்கு, ‘நொறுங்க’ கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் ‘ஆமாம்’ என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மல்லுக்கட்டுவது சும்மா இல்லை.

✦

ஒரே ஒரு சாட்சி போதுமா? போதும், முழுமையாக நம்பத்தக்கவராக இருந்தால். 1957-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவுபடுத்தியது அன்றைய மெட்ராஸ் மாநிலக் கொலை வழக்கு ஒன்றில். கொல்லப்பட்டவரின் மனைவிதான் அந்த ஒற்றைச் சாட்சி.

✦

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், கட்டாயம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு இப்படி உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்வதும் அவரவர் விருப்பம்தான்.

✦

தமிழ்நாட்டில் ஒரு பஸ், தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 8 பேர் இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை. அதைக் காட்டி இழப்பீட்டையும் தட்டிக்கழிக்கப் பார்த்தார் பஸ் முதலாளி. இரண்டும் வேறு வேறு என்று 1980-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் முடித்துவைத்தார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினாலே போதும். டிரைவர் வெளியே வந்துவிட்டார், இனி கிளைம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பி ஃபைலைக் கட்டி வைத்துவிடாதீர்கள்.