ஸ்டியரிங் லேசாகும் அந்த நொடி!

ரேஸிங் சிமுலேட்டர் ஸ்டியரிங்கின் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பது மின்மோட்டார்தான்! லாஜிடெக் ஜி29 மாடலில் அது பற்சக்கரம் வழியாக ஸ்டியரிங்கைத் திருகும். முறுக்குவிசை 2 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். டைரக்ட் டிரைவ் வகையில் மோட்டார் தண்டிலேயே ஸ்டியரிங் நேராக உட்கார்ந்திருக்கும். அதில் 8 நியூட்டன் மீட்டர் வந்தால் மணிக்கட்டோடு மல்லுக்கட்டும்!

அந்த மோட்டாரை ஆட்டிவைப்பது யார்? டயர்! கணக்கில் மட்டுமே இருக்கும் டயர்! இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கார் பந்தய விளையாட்டான அசெட்டோ கோர்சா, விநாடிக்கு 333 முறை அந்தக் கணக்கைப் போடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் 5 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்!

கணக்கு என்ன சொல்கிறது? வளைவில் டயர் பார்க்கும் திசையும் வண்டி போகும் திசையும் கொஞ்சம் விலகும். தரையில் பதிந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பக்கவிசை, பதிந்த இடத்தின் நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழும். அந்தச் சின்ன இடைவெளிதான் நெம்புகோல்! அதுதான் ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கிறது. இதையெல்லாம் சமன்பாட்டில் பிடித்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பாசெய்க்கா. அந்தச் சமன்பாட்டின் பெயரே ‘மேஜிக் ஃபார்முலா’!

மேஜிக் இனிமேல்தான்! இன்னும் திருப்பினால் பதிந்த ரப்பரின் பின்பக்கம் முதலில் வழுக்கும், நெம்புகோல் சுருங்கும். டயரின் பிடி உச்சத்தைத் தொடும் முன்பே ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். வண்டி வழுக்கப்போகிறது என்ற முன்னெச்சரிக்கை அது!

நிஜ வண்டியிலும் இதே கதைதான். தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரைக் கேளுங்கள். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், ஈரத் தரையில், கண்ணுக்கு முன்னால் கைக்குத்தான் சேதி வரும். வீட்டு சிமுலேட்டரில் நாற்காலி அசையாது, உடம்பை எதுவும் தள்ளாது. அதனால் முழுச் சேதியும் கை வழியாகவே வந்தாக வேண்டும். திரையில் மலை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அந்தச் சேதி சரியாக வராவிட்டால் நிஜம் இல்லை!

ஒரு ரகசியம்: சிமுலேட்டரில் ஸ்டியரிங் விசையை முழுக்கக் கூட்டிவைக்காதீர்கள். திருவிழா ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தால் பாட்டு கரகரவென்று சிதையுமே, அப்படித்தான் இதுவும். மோட்டார் தன் எல்லையில் முட்டி நின்றால், லேசாகும் அந்த நொடி காணாமல் போய்விடும். கொஞ்சம் குறையுங்கள், வளைவில் நுழையுங்கள். ஸ்டியரிங் லேசானதும் திருப்பலைத் துளி தளர்த்துங்கள். டயர் மறுபடி ‘கப்’பென்று தரையைப் பிடிக்கும் பாருங்கள், கத்தாமல் இருக்கவே முடியாது!