பிடித்த பிரேக் விடாவிட்டால்?

டில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் மனிதர்களுக்கு மட்டுமல்ல, யந்திரங்களுக்கும் சோதனைக் காலம்தான். 45 டிகிரி வெயில், 'லூ' என்னும் அனல் காற்று, மாலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் ஆகிய மூன்றுக்கும் ஈடு கொடுப்பது எளிதல்ல. மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ மூன்றாவது மாடி பால்கனியில் பகலெல்லாம் காயும் சைக்கிளும் இதற்கு விலக்கல்ல.

பத்தாம் வகுப்பில் தேறிய பையனுக்கு, மேடு பள்ளம் பாராமல் ஓடும் 'மவுண்டன் பைக்' ஒன்றைத் தகப்பனார் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு நாள் காலை பையன் எவ்வளவு மிதித்தும் வண்டி கனக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ஒரு சுற்றுக்கூட முழுமையாக ஓடாமல் நிற்கிறது. பிரேக்கை யாரும் பிடிக்கவில்லை; அது தானாகவே பிடித்துக் கொண்டிருக்கிறது!

அட்லஸும் ஹெர்குலிஸும் ஓட்டிய தலைமுறைக்கு இது புதிராகத்தான் இருக்கும். அந்த வண்டிகளில் பிரேக் என்பது இரண்டு கம்பியும் இரண்டு ரப்பர் கட்டையும்தான். கோளாறு எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். கட்டை ரிம்மில் உரசினால் ஒரு ஸ்பேனர் போதும். இன்றைய டிஸ்க் பிரேக்கிலோ வேலை நடப்பது மூடிய குழாய்க்குள்ளே.

பழைய யோசனை, புதிய வண்டி

டிஸ்க் பிரேக் நேற்று முளைத்ததல்ல. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குப் பேடண்ட் வாங்கினார். 1953-ல் பிரான்ஸில் லெமான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

மலை சைக்கிளின் கதையிலும் பிரேக்குக்கு முக்கிய இடம் உண்டு. 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச் சரிவில் இறங்கும் பந்தயம் ஒன்றைத் தொடங்கினர். அந்த வண்டிகளில் பின்சக்கர அச்சுக்குள்ளேயே பிரேக் இருந்தது. ஒரு முறை இறங்கினால் போதும், உள்ளிருந்த கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. பிரேக்குக்குச் சூடு எத்தனை பெரிய எதிரி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது என்ன?

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். டிஸ்க் இருந்தாலே அது ஹைட்ராலிக் பிரேக் ஆகிவிடாது. விலை குறைந்த பல வண்டிகளில் டிஸ்க்கை இயக்குவது சாதாரண ஒயர்தான். சக்கரத்தருகே உள்ள காலிப்பரில் ஒயர் வந்து ஒரு கையை இழுத்தால் அது ஒயர் வகை. தடித்த கறுப்புக் குழாய் நேரே காலிப்பருக்குள் நுழைந்தால் அது ஹைட்ராலிக்.

ஹைட்ராலிக் வகையில் கைப்பிடியை அழுத்தியதும் அங்குள்ள சிறு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே இறங்கிக் காலிப்பரில் உள்ள இரண்டு பிஸ்டன்களை நெருக்குகிறது. அவை பிரேக் பேட்களைத் தட்டின் இரு புறமும் கவ்வச் செய்கின்றன. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான் இது.

பிடியை விட்டதும் பேட் விலகுவது எப்படி? காலிப்பருக்குள் ஸ்பிரிங்கைவிட முக்கியமானது, பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே போகும்போது அது கொஞ்சம் வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு தூரத்தைத் தூசி கெடுத்தால் பிரேக் விடாது.

சத்தம் சொல்லும் சேதி

எதையும் கழற்றுமுன் சக்கரத்தைச் சுற்றிக் காதைக் கொடுக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை மட்டும் 'சர்ர்' என்று உரசினால் தட்டு வளைந்திருக்கிறது. விடாமல் உரசினால் காலிப்பர் நேராக இல்லை அல்லது பிஸ்டன் திரும்பவில்லை. காலையில் சரியாக ஓடிய சக்கரம் வெயிலில் நின்றபின் இறுகி, இரவில் ஆறியதும் தளர்ந்தால், எண்ணெய் அளவுக்கு மிஞ்சிவிட்டது அல்லது கைப்பிடியில் உள்ள பிஸ்டன் முழுமையாகத் திரும்பவில்லை.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. சக்கரத்தின் அச்சைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி, சக்கரம் ஃபோர்க்கில் சரியாக உட்கார்ந்த பின் மறுபடி இறுக்க வேண்டும். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

அடுத்தது காலிப்பர். அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை ஆலன் கீயால் சற்றே தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் காலிப்பர் தட்டுக்கு நேராக அமையும். பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தால் தட்டின் இரு புறமும் வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும்.

சுழலும் தட்டின் அருகே விரலைக் கொண்டு போகவே கூடாது. தட்டில் உள்ள துளைகள் விரலைத் துண்டிக்க வல்லவை. ஓட்டி வந்த உடனே தொட்டாலும் கை வெந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது இரட்டிப்புக் கவனத்துக்கு உரியது.

ரயிலில் வந்த வினை

ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்களும், ஊரிலிருந்து வண்டியைப் பார்சலில் கொண்டு வருகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றிக் கட்டிய நிலையில் யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால், நடுவில் தட்டு இல்லாததால் பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். பிறகு தட்டு உள்ளே நுழையாது. சக்கரம் இருந்த இடத்தில், பேட்களுக்கு நடுவே, தடித்த அட்டைத் துண்டை மடித்துச் செருகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒட்டிவிட்டாலும் கலங்க வேண்டாம். பேட்களைக் கழற்றிவிட்டு, தட்டையான பிளாஸ்டிக் துண்டால் பிஸ்டன்களை மெல்ல உள்ளே தள்ளலாம். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிஸ்டன் விண்டு போகக்கூடும்.

புழுதி ஏறிய பிஸ்டனுக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான். சக்கரத்தையும் பேட்களையும் எடுத்தபின் பிடியை மெல்ல அழுத்தினால் பிஸ்டன்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வரும். அதற்கு மேல் போனால் பிஸ்டன் கழன்று எண்ணெய் கொட்டிவிடும். தெரியும் ஓரத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, அந்தப் பிரேக்குக்கு உரிய எண்ணெயில் ஒரு சொட்டுத் தடவி, உள்ளே தள்ள வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் இறுகிய பிஸ்டன் இளகும். ஒன்று மட்டும் நகர்ந்து மற்றது நகரவில்லையானால், நகர்வதைப் பிளாஸ்டிக் துண்டால் தடுத்துப் பிடித்துக் கொண்டு மற்றதை வேலை வாங்க வேண்டும். பேட்களைத் திரும்ப மாட்டுமுன் மீதி எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் இங்கே ஆகாது. ஒரு துளி பேட்டில் பட்டாலும் பிரேக் பிடிக்காமல் வழுக்கும்.

எண்ணெயில்தான் ஆபத்து

பேட் தேய்ந்திருக்கும்போது பிஸ்டன்கள் வெளியே நகர்ந்திருக்கும். அந்த நேரத்தில் "எண்ணெய் குறைவு" என்று நிரப்பிவிட்டுப் பிறகு புதுப் பேட் போட்டால், பிஸ்டன் உள்ளே போக இடம் இல்லை, எண்ணெய் மிஞ்சிவிடுகிறது. வெயிலில் அது விரிவடைந்து பேட்களை நெருக்குகிறது. பேட் உரச உரசச் சூடு கூடுகிறது. சூடு கூடக் கூட எண்ணெய் மேலும் விரிகிறது. எண்ணெய் கொதித்து ஆவியானால் நிலைமை தலைகீழாகிவிடும். அதுவரை விடாத பிரேக், அழுத்தினாலும் பிடிக்காது. ரிங் ரோடில் பஸ்களுக்கு நடுவே அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. பேட்களைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கைப்பிடியைக் கிடைமட்டமாக நிறுத்தி, துணி சுற்றி, மேலுள்ள சிறு திருகைத் திறந்து பிஸ்டன்களை உள்ளே தள்ளினால் மிஞ்சிய எண்ணெய் மட்டும் வெளியேறும். திருகு திறந்திருக்கும்போது பிடியை அழுத்தக் கூடாது; காற்றுப் புகுந்துவிடும். மூடிய பின் பிடி பஞ்சுபோல் அமுங்கினால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். அது கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை.

இதைவிடப் பெரிய அபாயம் எண்ணெயை மாற்றி ஊற்றுவது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் வகைத் திரவம். அண்மையில் வந்த சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஸ்கூட்டர், கார்களில் ஊற்றுவது டாட் 3 அல்லது டாட் 4. இதை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். பிறகு பிரேக்கையே மாற்ற வேண்டியதுதான். எது தேவை என்பது பெரும்பாலும் கைப்பிடியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

மூலைக் கடை மிஸ்திரி நல்லெண்ணத்தோடுதான் கையிலிருந்த ஸ்கூட்டர் எண்ணெயை எடுப்பார். ஹிந்தி சரளமாக வராதவர்களும் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து கொள்ளலாம்: "ஸிர்ஃப் மினரல் ஆயில் டாலியே, டாட் நஹீன்." வண்டிக்கு டாட் தேவையென்றால் இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் போதும்.

கரோல்பாக் தமிழர்களுக்கு ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட் கூப்பிடு தூரம். சரியான எண்ணெயும் பேட்டும் அங்கே தேடினால் கிடைக்கும். தட்டு தேய்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. புதிதில் 1.8 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டு 1.5-க்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். புதுப் பேட் போட்டதும் காலியான சாலையில் இருபது முறை வேகத்தைக் கூட்டி மெல்லப் பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே நெரிசலில் இறங்கலாம்.

இத்தனையும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். அன்றைக்குப் பையனையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டால் இன்னும் நல்லது. வண்டியை ஓட்டப் போகிறவன் அவன்தானே. வேலை முடிந்ததும் சைக்கிளை பால்கனியின் நிழல் பக்கம் நகர்த்தி வைக்க மறக்க வேண்டாம்.