ஒரே கணினியில் ரெண்டு குடித்தனம்!

உங்க அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறதா? ஆன் செய்ததும் கருப்புத் திரையில் சில வரிகள் வருமே, கவனித்ததுண்டா? ஒரு வரியில் பாஸ் என்றும் இன்னொன்றில் விண்டோஸ் என்றும் இருக்கும். சில விநாடி நாம் சும்மா இருந்தால் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கருப்புத் திரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்றால் முதலாளி இல்லீங்க! 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. காசு கொடுக்க வேண்டாம், மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு பெட்டிக்குள் ரெண்டு எப்படி இருக்கும்? ஒரே வீட்டில் ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விடுவதில்லையா, அதே கதைதான். ஹார்டு டிஸ்க்கைத் தனித்தனிப் பகுதியாகப் பிரிப்பார்கள். இதற்குப் பெயர் பார்ட்டிஷன். விண்டோஸ் தன் பகுதியை என்டிஎஃப்எஸ் முறையிலும், லினக்ஸ் ஈஎக்ஸ்டி முறையிலும் எழுதி வைக்கும். வாசல் மட்டும் ஒன்று. அந்த வாசலில் நின்று "யார் வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்பவர்தான் கிரப் என்கிற பூட் லோடர்.

இவர் நிற்கிற இடம் எவ்வளவு சின்னது தெரியுமா? பழைய முறை கணினிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட். நாம் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ் 140 பைட், அதில் நாலு கூட இதற்குள் அடங்காது! இதிலும் 64 பைட் பார்ட்டிஷன் கணக்குக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிச்சம் 446 பைட்டில்தான் புறப்படும் நிரல். அதில் எல்லாம் அடங்காது என்பதால், கிரப் தன் முதல் துண்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு மீதியை வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். புதிய யுஇஎஃப்ஐ கணினிகளில் இந்த நெருக்கடி இல்லை, பூட் லோடருக்கென்றே தனிப் பார்ட்டிஷன் உண்டு.

விண்டோஸை மறுபடி போட்டால் லினக்ஸ் "காணாமல்" போவது ஏன் என்று இப்போது புரியும். விண்டோஸ் வாசலில் தன் ஆளை நிறுத்திவிடும். அவருக்குப் பக்கத்துப் போர்ஷனைத் தெரியாது. உள்ளே லினக்ஸ் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கும். லைவ் சிடியிலிருந்து கிரப்பை மறுபடி எழுதினால் திரும்ப வரும். அதனால்தான் ரெண்டும் போடும்போது முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்று செய்கிறார்கள். கிரப் பெருந்தன்மையானவர், விண்டோஸையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்.

இதனால் நமக்கு என்ன லாபம்? எங்க தெருவில் ஒரு அக்காவின் லேப்டாப் விண்டோஸ் வரை வந்து நின்றுவிட்டது. காலேஜ் ப்ராஜெக்ட், தங்கச்சி காதுகுத்துப் போட்டோ எல்லாம் அதில்தான். கடையில் கொடுத்தார்கள். "ஃபார்மட் பண்ணிட்டேன், இப்போ நல்லா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஓடத்தான் செய்தது, போட்டோ ஒன்றுகூட இல்லை. கூடவே பாஸும் இல்லை. கடைக்குப் போகும் முன்னால் அந்தக் கருப்புத் திரையில் பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போயிருந்தால், விண்டோஸ் பகுதியைத் திறந்து எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுத்திருக்கலாம். லினக்ஸுக்கு விண்டோஸ் பகுதியைப் படிக்கத் தெரியும். (விண்டோஸுக்குத் தானாக லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியாது, அது வேற விஷயம்.) ஹார்டு டிஸ்க்கே கெட்டுப்போயிருந்தால் இந்த வழி உதவாது. விண்டோஸ் மட்டும் பழுது என்றால் நிச்சயம் உதவும். எனவே கடையில் கொடுக்கும்போது "டேட்டா வேணும், முழுசா ஃபார்மட் பண்ணாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.

நீங்களே லினக்ஸ் போட்டுப் பார்க்க ஆசையா? முதலில் காப்பி எடுங்கள். டிஸ்க்கில் இடம் பிரிக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் செய்வது பத்திரம். பாதியில் கரண்ட் போனால் ஆபத்து, பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். இன்ஸ்டால் ஆகும்போது "முழு டிஸ்க்கையும் அழிக்கவா?" என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். அங்கே அவசரப்பட்டு எண்டர் தட்டக் கூடாது!

கடைசியாக ஒரு வேடிக்கை. ரெண்டும் மாறி மாறிப் பயன்படுத்தினால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பும். சாயங்காலம் 4 மணிக்கு விண்டோஸ் காலை 10.30 என்று காட்டும்! கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்ளும். ரெண்டுக்கும் வித்தியாசம் 5.30 மணி. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸ் அமைப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது.