நூலக வாரம் அழைக்கிறது

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. தமிழகத்தின் கிளை நூலகங்களில் புத்தகக் கண்காட்சி, மாணவர்க்கான பேச்சு, கட்டுரைப் போட்டிகள், உறுப்பினர் சேர்க்கை ஆகியவை அந்நாள்களில் நடைபெறுவது வழக்கம்.

இவை யாரோ நமக்கு இடும் கொடையல்ல. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் பெறப்படுகிறது. அச்சட்டத்திற்காக உழைத்த எஸ். ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை 1931-இல் வெளியிட்ட தம் நூலில் விதியாகவே வகுத்தார்.

வரியைத் தவறாது செலுத்தும் நாம் நூலக வாயிலை மிதியாதிருப்பது முறையாகுமா? போட்டியில் பரிசு பெறுவோர் சிலரே. ஆயினும், உறுப்பினர் அட்டையோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் நூலகம் உரியதாகும். பெற்றோரே, இம்முறை பிள்ளைகளைத் தனியே அனுப்பாது, நாமும் உடன் செல்வோம்.