கொசுவை விட்டே கொசுவை அடக்கலாமா?

"தம்பி, எங்க தாமான்ல கவர்மெண்டே கொசு விடுதாமே, இருக்கிற கொசு பத்தாதா?"

சென்ற வாரம் நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு நேயரின் கேள்வி இது. அவருடைய மகன் டிங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. கோபம் வராதா? வானலையில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

விடப்படுவதும் ஏடிஸ் கொசுதான். ஆனால் அதன் உயிரணுக்களுக்குள் 'வொல்பாக்கியா' என்ற பாக்டீரியா இருக்கும். பழ ஈ, வண்ணத்துப்பூச்சி எனப் பல பூச்சிகளிடம் இது இயற்கையாகவே உண்டு. டிங்கியைப் பரப்பும் முக்கியக் கொசுவான ஏடிஸ் எகிப்தியிடம் பொதுவாக இல்லை. அதனால் ஆய்வகத்தில் அதன் முட்டைக்குள் நுண்ணூசியால் ஏற்றினார்கள். கொசுவின் மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை.

வொல்பாக்கியா உள்ள கொசுவின் உடலில் டிங்கிக் கிருமி எளிதில் பெருகாது. பெருகாவிட்டால், கடித்தாலும் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. இன்னொரு வேடிக்கை: வொல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பெண்ணிடம் இருந்தாலோ, குஞ்சுகள் அனைத்துக்கும் தாய்வழிச் சொத்தாகப் போய்விடும்.

சிங்கப்பூர் முதல் வழியைப் பிடித்துக்கொண்டது. 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. ஆனால் நிறுத்தினால் பழைய கொசு திரும்பிவிடும், விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மலேசியாவில் ஆண், பெண் இரண்டையும் விடுகிறோம். வொல்பாக்கியா கொசுவே அந்த வட்டாரத்தில் குடியேறிவிட வேண்டும் என்பது நோக்கம். ஆகவே கொஞ்ச நாளைக்குக் கடி கூடலாம். மக்களிடம் இதை முன்கூட்டியே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொல்லாமல் விட்டால் அந்த அம்மாவின் கோபம் நியாயம்தான்.

நம் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. மற்ற நாடுகளில் பயன்படுத்திய ஒரு வகை வொல்பாக்கியா, சூடான தண்ணீரில் வளரும் கொசுப்புழுக்களில் குறைந்துபோகும். அதனால் வெப்பத்தைத் தாங்கும் இன்னொரு வகையை மருத்துவ ஆய்வுக் கழகம் தேர்ந்தெடுத்தது. ஷா ஆலாம் செக்‌ஷன் 7, கிராமாட் போன்ற இடங்களில் விட்டுப் பார்த்தார்கள். அங்கே டிங்கிச் சம்பவங்கள் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் ஆய்வு வெளியானது. மீதி 60 எங்கே என்பீர்கள். நாம் வேலைக்கும் பள்ளிக்கும் வேறு வட்டாரம் போகிறோமே, அங்குள்ள கொசுவும் கடிக்கும். பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விட்டால் அதற்கும் வொல்பாக்கியா மருந்தல்ல.

இத்தனையும் கேட்டுவிட்டு அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார்: "அப்ப கடிக்க வந்தா அடிக்கலாமா, கூடாதா?"

தாராளமாக அடிக்கலாம் அம்மா. எது எந்தக் கொசு என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது.